மறு: [கலைச்சொல்] கருப்பு கார்ல விழுற ‘ஸ்வர்ல் மார்க்’குக்கு என்ன பேரு வெக்கலாம்?

> இதுவரைக்கும் வந்தது: சுழல்கீறல், வட்டக்கீறல், மயிர்க்கீறல், நூலாம்படைக் கீறல். வேற யாராவது சொல்றதா இருந்தா சொல்லிடுங்க, பட்டியல்ல ஏத்திடலாம்.

எல்லாருக்கும் வணக்கம்,

ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. மயிர்க்கீறல் வேணவே வேணாம், இலக்கணப்படி ஒரு குத்தமும் இல்லதான், ஆனா பட்டறையில போய் "அண்ணே பானெட் பூரா மயிர்க்கீறலா இருக்கு"ன்னு சொன்னா அடுத்து என்ன நடக்கும்னு யோசிச்சுக்கோங்க. என் தகராறு சுழல்கீறல், வட்டக்கீறல் ரெண்டு கூடவும்தான்.

ஏன்னா துணியால தொடைக்கிறப்ப பெயிண்டுல விழுற அந்த மெல்லிசுக் கீறல் வட்டமே கிடையாது. ராத்திரி கருப்பு பானெட் மேல செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சப் புள்ளியைச் சுத்தி நூல் நூலா வட்டம் தெரியும். இப்ப டார்ச்சை ஒரு அடி தள்ளிப் பிடிங்க, வட்டமும் கூடவே வரும். நிஜமா வட்டமா கீறியிருந்தா அது இருந்த இடத்துலயே இல்ல கெடக்கணும்? துணி போன போக்குக்கு எல்லாப் பக்கமும் கீறல் விழுந்திருக்கு, அதுல வெளிச்சத்துக்குக் குறுக்க கெடக்குற கீறல் மட்டும்தான் கண்ணுக்கு மின்னும், நீளவாக்குல இருக்குறது மின்னாது, அப்ப வெளிச்சத்தைச் சுத்தி மின்னுற துண்டெல்லாம் சேர்ந்து வட்டமா தெரியுது. புழங்கின எவர்சில்வர் தட்டை வெயில்ல திருப்பினாலும் இதே கூத்துதான். சுழல்கீறல்னு பேரு வெச்சா, வட்டமா தேய்க்காம நேரா தேய்ச்சா தப்பிச்சுக்கலாம்னு ஆள் நினைச்சுக்கும். நேரா தேய்ச்சாலும் மண்ணு இருந்தா கீறத்தான் செய்யும், சில கோணத்துல தெரியாம இருக்கும், அவ்ளோதான் லாபம்.

அதனால நான் சொல்றது கீறல்வலை. தனித்தனிக் கீறல், வெளிச்சத்துல சேர்ந்து வலையா தெரியுது, நடக்குறதும் அதுதான். நூலாம்படைக் கீறல் சொன்னவங்களுக்கும் இதுல பாதி பங்கு உண்டு.

> கருப்பு வண்டிக்கு மட்டும்தானா இந்த வியாதி? வெள்ளை வண்டிக்கு வேற பேரா?

ஒரே பேருதான். இப்ப வர்ற கார்ல நிறம் அடியில இருக்கு, அதுக்கு மேல நிறமே இல்லாத கிளியர் கோட் (இதுக்கு ‘தெளிபூச்சு’ன்னு போன மாசம் பேசி முடிச்சோம்) ஓடுது, சாதாரணமா 35லேந்து 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லிசு. கீறல் விழுறது அந்தத் தெளிபூச்சுலதான். வெள்ளை நிறம் அடியிலேந்து வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் வாரி இறைக்குது, அதுல கீறலோட மினுக்கு கரைஞ்சு போயிடும். கருப்பு வந்த வெளிச்சத்தை முழுங்கிடுது, மேல கீறல் மட்டும் தனியா மின்னுது. ஒரே வாட்ச்மேன், ஒரே துணி, ஒரே பக்கெட்ல வெள்ளைக் காரையும் கருப்புக் காரையும் தொடைச்சா ரெண்டுலயும் அதே கீறல்தான் விழும், திட்டு வாங்குறது கருப்பு வண்டிக்காரர்கிட்ட மட்டும்.

இன்னொரு பேரும் சேத்து முடிச்சிடணும். பாலிஷ் மெஷின் விட்டுட்டுப் போற தடத்தை ‘ஹாலோகிராம்’னு சொல்றாங்க, நம்ம பட்டியல்ல அதையும் ஸ்வர்ல்லயே போட்டுக் குழப்பி வெச்சிருக்கோம். அது வேற. ஒரே இடத்துல சுத்துற ரோட்டரி மெஷின்ல கம்பளி பேடு மாட்டி அவசரமா இழுத்தா, வெயில்ல புகை மாதிரி வரிவரியா ஒரே சீரா தெரியும், மெஷின் போன வழியை அப்படியே படிச்சிடலாம். கீறல்வலை துணியால வர்றது, இது மெருகு போட்டதாலயே வர்றது. இதுக்கு மெருகுத்தடம்னு வெக்கலாம்னு தோணுது. வைத்தியமும் வேறங்க: மெருகுத்தடத்துக்கு மிருதுவான பேடும் சன்னமான பாலிஷும் பெரும்பாலும் போதும், கீறல்வலை ஆழமா இருந்தா காம்பவுண்டு (இன்னும் கொஞ்சம் முரட்டு பாலிஷ்) போட்டுத் தெளிபூச்சையே கொஞ்சம் இழைச்சு எடுக்கணும். ரெண்டையும் ஒரே பேர்ல சொன்னா எடுக்க வேண்டாத இடத்துல எடுத்துடுவாங்க.

---

தம்பி சொல்றது சரி. நான் முப்பது வருஷத்துக்கு மேல பெயிண்டு அடிச்சவன், எங்க பட்டறையில இதுக்கு பேரெல்லாம் கெடையாது, ‘கோடு விழுந்திருச்சு’ன்னுதான் சொல்லுவோம். கீறல்வலை நாக்குல ஒட்டுது. மெருகுத்தடம் ஏட்டுத்தமிழ் வாசனை அடிக்குது, எங்க பசங்க ‘மெஷின் கோடு’ன்னுதான் சொல்லுவாங்க, அதையும் பக்கத்துல போட்டு வைங்க.

ஒண்ணு மறந்துட்டீங்க. எல்லா கருப்பும் தெளிபூச்சு போட்ட கருப்பு இல்ல. பழைய வண்டி, அப்பறம் வெளியில பெயிண்டு அடிச்ச வண்டியில கருப்பையே நேரா மேல அடிச்சிருப்பாங்க. வெள்ளத் துணில கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஒரு ஓரத்துல தேய்ங்க, துணி கருப்பாச்சுன்னா அது நெறத்தையே தேய்க்கிறீங்கன்னு அர்த்தம். கை வெக்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கணும்.

அப்பறம் இந்த பனியன் வேஸ்ட். கிரீஸ் தொடைக்க அதை விட நல்ல சாமான் கெடையாது, கருப்பு பெயிண்டுக்கு அதை விடக் கெட்ட சாமானும் கெடையாது. அதுல தையல் இருக்கும், நைலான் நூல் இருக்கும், சில நேரம் பட்டன் கூட இருக்கும். டீசல் போட்டுத் தொடைச்சா பளபளன்னு வரும்னு ஒரு பேச்சு இருக்கு, வரத்தான் செய்யும், எண்ணெ போயி கீறலுக்குள்ள உக்காந்துக்கும், சாயந்தரத்துக்குள்ள ரோட்டுப் புழுதி அம்புட்டும் அதுல ஒட்டிக்கும், மறுநாள் அதைத் தொடைக்கறப்ப புதுசா கோடு விழும்.

---

அண்ணா, ஐயா, பேரு நல்லா இருக்கு, என் ஓட்டு கீறல்வலைக்கு. ஆனா எனக்கு பேரை விட வேலை அவசரம். கருப்பு ஹேட்ச்பேக், பழசுதான், வாங்கினப்ப விற்கிறவர் பளபளன்னு பண்ணிக் குடுத்தாரு, நாலு வாஷ்ல வலை பூரா வெளிய வந்துடுச்சு. வீட்லயே எடுக்க முடியுமா, இல்ல கடைக்குத்தான் போகணுமா? அப்படியே ‘பெயிண்ட் கரெக்ஷன்’னா தமிழ்ல என்னன்னும் சொல்லிடுங்க, ‘வண்ணத்திருத்தம்’னு ஒரு இடத்துல பார்த்தேன், ப்ரூஃப் ரீடிங் மாதிரி இருந்துச்சு.

---

அவர் பண்ணினது கிளேஸ்ங்க தங்கச்சி. எண்ணெயும் நிரப்பியும் கலந்த கிரீம், கீறலை ரொப்பி மறைக்கும், ஷாம்பூ பட்டா கரைஞ்சு போயிடும். ‘நிரப்பு மெருகு’ன்னு சொல்லலாம், ஐயா சொன்ன டீசலும் இந்த ஜாதிதான்.

வீட்ல எடுக்கலாம். கையால தேய்ச்சு எடுக்குறது சிரமம், தோள்பட்டைதான் போகும், டூயல் ஆக்ஷன் மெஷின் வாடகைக்குக் கிடைச்சா பாருங்க. அது சுத்திக்கிட்டே அச்சு விலகி ஆடுறதால ஒரே இடத்துல சூடு ஏறாது, புதுசா பிடிக்கிறவங்களுக்கு ரோட்டரி வேணாம்.

மொதல்ல நல்லா கழுவணும். நிழல்ல, பானெட் கை வெச்சா ஜில்லுனு இருக்கணும். வெறும் தண்ணி அடிச்சு மண்ணை எல்லாம் இறக்கிட்டு அப்பறம்தான் கை வெக்கணும். ரெண்டு பக்கெட், ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி, துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணில அலசிட்டுத்தான் ஷாம்பூல முக்கணும், மேலேந்து கீழ வரணும், சக்கரத்துப் பக்கம் கடைசி, அதுக்குத் துணியே வேற. வலையைக் கட்டுறது இந்தக் கழுவுற வேலைதான், இதை மாத்தாம எத்தனை தடவை பாலிஷ் போட்டாலும் வீண். காய விடாதீங்க, நம்ம ஊரு போர் தண்ணி காஞ்சா சுண்ணாம்பு வட்டம் விட்டுடும், கருப்புல அம்மைத் தழும்பு மாதிரி நிக்கும். தடிமனான மைக்ரோஃபைபரை விரிச்சுப் போட்டு ஒத்தி எடுங்க, இழுக்காதீங்க.

ஈரம் போனதும் கை விரலை ஒரு பாலிதீன் கவருக்குள்ள விட்டு பெயிண்டைத் தடவிப் பாருங்க, வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதுல தெரியும். தெரிஞ்சா ஒட்டிக்கிட்டிருக்குற அழுக்கை இழுத்து எடுக்க கிளே பார் வேணும் (களிக்கட்டி, இதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கன்னு நினைக்குறேன்). ஷாம்பூ தண்ணி தெளிச்சு வழுக்க விட்டு அழுத்தாம தேய்க்கணும், கீழ விழுந்தா தூக்கிப் போட்டுடணும், மண்ணு ஒட்டின களி உப்புத்தாளுக்குச் சமம்.

அப்பறம் ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் ஓரத்துக்கெல்லாம் மாஸ்க்கிங் டேப் ஒட்டிட்டு, பானெட்ல ரெண்டு அடிக்கு ரெண்டு அடி இடம் மட்டும் எடுத்துக்கோங்க. மிருதுவான பேடு, சன்னமான பாலிஷ், நாலஞ்சு சொட்டு, மெதுவா. தொடைச்சுட்டு டார்ச் அடிங்க. வலை போயிடுச்சுன்னா மொத்த வண்டிக்கும் அதே போதும், காம்பவுண்டைத் தொடவே வேணாம். போகலேன்னாதான் ஒரு படி மேல போகணும். விளிம்புலயும் மடிப்புலயும் பூச்சு மெல்லிசா இருக்கும், அங்க அழுத்தினா தெளிபூச்சு தாண்டிடும், தாண்டிட்டா பெயிண்டு அடிக்கிறதைத் தவிர வழியில்ல. நகம் மாட்டுற ஆழமான கீறலை விட்டுடுங்க, அதைத் தொரத்திக்கிட்டுப் போனா பூச்சு மிச்சம் இருக்காது.

முடிஞ்சதும் மெழுகு, இல்ல சீலன்ட் (மெழுகுக்குப் பதிலா பூசுற செயற்கைப் பூச்சு). கார்னோபா மெழுகு பிரேசில் நாட்டு ஒரு பனை இலைலேந்து எடுக்குறது, கருப்புல ஆழமா ஒரு பளபளப்பு குடுக்கும், நம்ம வெயிலுக்கு ரொம்ப நாள் தாங்காது. எனக்கு சீலன்ட்தான் வசதி. செராமிக் கோட்டிங் போட்டா கீறலே விழாதுன்னு கடையில சொல்லுவாங்க, கொஞ்சம் தாங்கும், வாட்ச்மேன் துணிக்கு முன்னாடி அதுவும் தோத்துடும்.

பெயிண்ட் கரெக்ஷனுக்கு பூச்சு இழைப்பு எப்படி? தச்சர் பலகையை இழைக்கிற இழைப்புதான், மேல கொஞ்சம் போகுதுன்னு அந்த வார்த்தையிலயே எச்சரிக்கை இருக்கு. மெருகுன்னு சொன்னா எதுவோ கூடுற மாதிரி ஆயிடும்.

---

இழைப்பு ஓகே. மெஷின் கோட்டையும் சேத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஆயுத பூஜை வருது, தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லிடறேன். பானெட்ல பூசின சந்தனம் காஞ்சு கெட்டியானா நகத்தாலயோ காஞ்ச துணியாலயோ தேய்க்காதம்மா, ஈரத்துணிய அது மேல போட்டு ஊற விடு, அதுவா வழண்டு வரும். காக்கா எச்சத்துக்கும் இதே முறைதான், அதை மட்டும் மறுநாளைக்குன்னு விடாத, வெயில் பட்டா தெளிபூச்சை அரிச்சுடும்.