கோயாசான் (ஜப்பான்ல இருக்கற பௌத்தக் கோயில் மலை) ஞாயிறு பயணம்: குடும்பக் குழு

சுதா: சித்தப்பா, ஞாயிறு காலைல ஒன்பது மணிக்கு ஒசாகாவுல இருக்கற நம்பா ஸ்டேஷனுக்கு வரச் சொல்றார் வழிகாட்டி. சரியா இருக்குமா?

சித்தப்பா: லேட்டும்மா. லிமிடெட் எக்ஸ்பிரஸ்ல போனாலும் மலையடிவார ஸ்டேஷன் கோக்குராகுபாஷிக்கு 80 நிமிஷம். அப்புறம் கேபிள் கார், பஸ், நடை. ஓகுனோயின் கல்லறைத் தலத்துல, ஷிங்கோன் பௌத்தப் பிரிவை நிறுவின துறவி கோபோ டாய்ஷிக்கு அமுது கொண்டுபோறது காலை 6 மணிக்கும் 10:30-க்கும் மட்டும்தான். 835-லேருந்து அவர் அங்கே தியானத்துல இருக்கார்னு நம்பிக்கை. அதைப் பாக்காம வந்தா போனதுக்கே அர்த்தமில்ல. ஆறரைக்குக் கிளம்பணும்னு சொல்லிடு.

கவின்: அந்த நேரத்துக்கு சாதா எக்ஸ்பிரஸ்தான் அக்கா. ஹாஷிமோட்டோல வண்டி மாற வேண்டியிருக்கும், தூங்கிடாதீங்க. கோக்குராகுபாஷி வரைக்கும் 100 நிமிஷம் வச்சுக்கோங்க.

சுதா: மேல இறங்கி ஊருக்குள்ள நடந்தே போயிடலாமா?

கவின்: விடமாட்டாங்க. ஸ்டேஷன்லேருந்து ஊர் வாசல்ல இருக்கற ந்யோனின்டோ வரைக்கும் பஸ் மட்டும் போற ரோடு.

பெரியம்மா: எனக்கு முட்டி வலி இருக்கே. கல்லறைக் காட்டுக்குள்ள ரெண்டு கிலோமீட்டராமே?

சித்தப்பா: அண்ணி, நீங்க ஓகுனோயின்-மாஎ ஸ்டாப்புல இறங்குங்க, பாதி தூரம்தான். மத்தவங்க இச்சினோஹாஷி பாலத்துலேருந்தே நடக்கணும். நேரம் மிச்சம்னு குழுவையே பின்வழியா கூட்டிட்டுப் போற வழிகாட்டிகள் உண்டு, ஒத்துக்காதே சுதா. அந்தப் பக்கம் கம்பெனிகள் வச்ச புது நினைவுச் சின்னங்கள்தான், ராக்கெட் வடிவத்துல கூட ஒண்ணு நிக்குது. வானத்தை மறைக்கிற தேவதாரு மரங்களும் பாசி படிஞ்ச பழைய கல்லும் இச்சினோஹாஷி வழியிலதான். ரெண்டு லட்சத்துக்கு மேல கல்லறை.

கவின்: வழியில அஞ்சு அடுக்குக் கல் நிறைய வரும், ஒண்ணு கிட்ட நின்னு பாருங்க. அடியில சதுரம் நிலம், அதுக்கு மேல உருண்டை நீர், கூரை மாதிரி இருக்கறது தீ, பாதி நிலா காற்று, உச்சியில மொட்டு ஆகாயம். நம்ம பஞ்சபூதமேதான்! ஒவ்வொண்ணுலயும் 'சித்தம்'ங்கிற பழைய இந்திய எழுத்து ஒண்ணு. கீழேருந்து அ, வ, ர, ஹ, க.

சித்தப்பா: கோபோ டாய்ஷி சமாதிக்கு முன்னாடி இருக்கற கோபியோபாஷி பாலம் தாண்டினா போட்டோ, தின்பண்டம், தண்ணி பாட்டில் எதுவும் கூடாது. தொப்பியைக் கழட்டிடணும். 10:20-க்கே பாலத்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. மஞ்சள் அங்கி பிக்குகள் வெள்ளை மரப்பெட்டியைத் தூக்கிட்டு வருவாங்க. முதல்ல ருசி பாக்கற ஜிஸோ போதிசத்துவர் சன்னிதியில நிறுத்தி, அப்புறம்தான் பாலம் ஏறுவாங்க.

பெரியம்மா: சாப்பாடு? நாங்க சுத்த சைவமாச்சே.

கவின்: கோயில் விடுதிகள்ல ஷோஜின் ரியோரி, அதாவது பிக்குகளோட சைவச் சமையல். வெங்காயம் பூண்டு கூட கிடையாது, சாறு கொம்பு கடல்பாசியிலயும் காஞ்ச ஷிட்டாக்கே காளான்லயும் எடுப்பாங்க. முன்னாடியே சொல்லி வைக்கணும், நேரா போனா கிடைக்காது. ஏமாந்து போறது கடைவீதி உடோன், சோபா நூடுல்ஸ்லதான். மேல காய்கறி மட்டும் மிதக்கும், சாறு சூரைமீன் சீவல்ல எடுத்தது. கோமாதோஃபு தைரியமா சாப்பிடுங்க. பேர்தான் தோஃபு, சோயாவே இல்ல. எள்ளும் குஸு கிழங்கு மாவும் தண்ணியும் கிண்டினது.

சித்தப்பா: மதியம் தலைமைக் கோயில் கோங்கோபுஜி. செருப்பு வெளியே, தரை ஜில்லுனு இருக்கும், கெட்டி சாக்ஸ் போட்டுக்கோங்க. ஊரே 800 மீட்டர் உயரம், ஒசாகாவை விட அஞ்சாறு டிகிரி குறைச்சல். அங்க பான்ரியூத்தேய் கல் தோட்டத்துல 140 கருங்கல், ரெண்டு டிராகன் மாதிரி அடுக்கினது. அவசரம்னா அதைச் சுருக்கிக்கலாம், கோன்போன் தாய்தோவை மட்டும் விடாதீங்க. 48.5 மீட்டர் செங்கோபுரம், இப்ப நிக்கறது 1937-ல கட்டினது.

சுதா: உள்ளே என்ன பாக்கணும்?

சித்தப்பா: நடுவுல தாய்னிச்சி புத்தர். எல்லாரும் அதோட திரும்பிடுவாங்க. நாலு மூலைச் சுவர்லயும் ஷிங்கோன் பிரிவோட எட்டு குருமார் ஓவியம் இருக்கு. வழிகாட்டிகிட்ட "கோங்கோச்சி எது?"ன்னு கேளு. அவர்தான் வஜ்ரபோதி, தென்னிந்தியாவுல பிறந்தவர். காஞ்சிப் பல்லவ அரசோட தொடர்புபடுத்திச் சொல்வாங்க. 8-ஆம் நூற்றாண்டுல கடல்வழியா சீனா போனார். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ, ஹுய்குவோகிட்ட கத்துக்கிட்டவர்தான் கோபோ டாய்ஷி.

பெரியம்மா: காஞ்சிபுரமா! அப்போ முட்டி வலிச்சாலும் நான் வர்றேன்.

கவின்: தாய்தோ நாலரைக்கு மேல உள்ளே விடமாட்டாங்க. மூணரைக்குள்ள அங்க இருங்க.

சுதா: வழிகாட்டி ஆறரைக்கு ஒத்துக்கிட்டார். பெரியம்மாவுக்கும் சேத்து ஷோஜின் சாப்பாடு 5 சொல்லிடறேன்.