தென்னை எடுக்க ஒருத்தர் 4,500, இன்னொருத்தர் 16,000. பக்கத்திலேயே சர்வீஸ் வயர்

மாடம்பாக்கம்வாசி:
வீட்டுப் பின்பக்கம் காம்பவுண்டை ஒட்டி ஒரு தென்னையும் ஒரு வேம்பும் நிக்குது. தென்னை 45 அடி இருக்கும், பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பக்கம் சாய்ஞ்சிருக்கு. புதுக் குருத்து வர்றதே இல்லை, கீழ் மட்டையெல்லாம் தொங்கிடுச்சு. அடித்தண்டுல மூணு அடி உயரம் வரைக்கும் செம்பழுப்பா ஏதோ வடியுது. போஸ்ட்டிலிருந்து வர்ற சர்வீஸ் வயர் மரத்துக்கு நாலடி தள்ளித்தான் போகுது. வேம்புல மொட்டை மாடிக்கு மேல நீட்டிட்டு இருக்கிற ஒரு கிளையை எடுத்தா போதும்.

ரெண்டு பேர் வந்து பார்த்தாங்க. ஒருத்தர் 4,500 கேட்கிறார்: ரெண்டு ஆள், ஒரு செயின் ரம்ப மெஷின், "அரை நாள் வேலை சார், மெயினை ஆஃப் பண்ணிடுங்க, அது போதும்." இன்னொருத்தர் 16,000. மரத்துல ஆளை ஏத்த மாட்டாராம், கிரேன் வேணுமாம், கரண்ட் ஆபீஸ்ல லெட்டர் குடுங்கன்னும் சொல்றார். இந்த வித்தியாசம் நியாயமா, இல்லை ஏமாத்துறாரா?

கணுக்கிளை:
நீங்க சொல்ற அடையாளத்தை வெச்சுப் பார்த்தா இது தஞ்சாவூர் வாடல் நோய் மாதிரி இருக்கு. கானோடெர்மா பூஞ்சாணம். அடித்தண்டைச் சுத்தி மண்ணை அரை அடி தோண்டிப் பாருங்க. வேர் கறுத்து, கையால நசுக்கினா உதிர்ந்தா சந்தேகமே வேண்டாம். தண்டோட அடியில தட்டு மாதிரி காளான் முளைச்சிருந்தாலும் அதேதான். கட்டையால தட்டிப் பார்த்தா பொத்துனு சத்தம் வரும். இந்த மரத்துல ஆளை ஏத்தக் கூடாதுன்னு சொன்னவர் மரத்தைப் பார்த்துட்டுப் பேசுறார். மத்தவர் உயரத்தை மட்டும் பார்த்து ரேட் சொல்லியிருக்கார்.

ஏன் ஏறக் கூடாது? உச்சியில நின்னு தலையைக் கழிச்சதும் அதுவரைக்கும் ஒரு பக்கம் இழுத்திட்டிருந்த பாரம் சட்டுனு போயிடும். தண்டு எதிர்ப்பக்கம் உதறும். வேர் நல்லா இருந்தா ரெண்டு ஆட்டம் ஆடி நின்னுடும். வேர் செத்த மரம் அந்த உதறல்லயே அடியோட சாயும். ஏறினவர் பெல்ட்டால அதே தண்டுல தன்னைக் கட்டியிருப்பார், குதிக்கக்கூட வழி கிடையாது.

மொத்தமா சாய்க்கிறதும் இங்கே நடக்காது. சாய்க்கிற திசையில விட்டத்துல நாலுல ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டி, பின்னாலிருந்து அறுத்துட்டு வரும்போது நடுவுல பத்துல ஒரு பங்கு கனத்துக்கு அறுக்காம ஒரு பட்டை விடணும். அந்தப் பட்டைதான் கீல் மாதிரி மடங்கி மரத்தைச் சொன்ன திசையில படுக்க வைக்கும். தென்னைக்கு வெளிவட்டம் மட்டும்தான் கெட்டி, உள்ளே சோறு. அடியும் அழுகிட்டா கீலுக்கு நிக்க நார் ஏது? மரம் ஏற்கனவே சாய்ஞ்ச பக்கம், அதாவது ஷீட் மேல, தானா போயிடும். "கயித்தைக் கட்டி ரெண்டு பேர் இந்தப் பக்கம் இழுத்துக்கிறோம் சார்"னு சொல்லுவாங்க. ஒரு டன் மரத்தை ரெண்டு ஆள் பிடிக்க முடியாது. கயிறு நீளம் பத்தாம, இழுக்கிறவங்க மரம் விழுற தூரத்துக்குள்ளயே நிக்கிறதும் வழக்கமா நடக்கிறதுதான்.

துண்டு துண்டா அறுத்துத் தள்ளினா? ஒரு அடி விட்டம், மூணு அடி நீளம்னா பச்சைத் தண்டு ஏறக்குறைய 60 கிலோ. 40 அடியிலிருந்து தள்ளினா தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம். ஷீட்டை விடுங்க, செப்டிக் டேங்க் ஸ்லாபும் சம்ப் மூடியும்கூடத் தாங்காது. அந்த ரெண்டும் எங்கே இருக்குன்னு 4,500காரர் கேட்டாரா?

கிரேன் ஆள்கிட்ட நீங்க கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு: தெருவிலிருந்து மரம் வரைக்கும் பூமை, அதாவது கிரேனோட நீளக் கையை, நீட்டினா அந்த நீளத்துல எத்தனை கிலோ தூக்கும்? வண்டியில எழுதியிருக்கிற டன் கணக்கு பூமை ஒட்டி வெச்சிருக்கும்போதுதான். நீட்ட நீட்டக் குறையும். அறுக்கிறவர் ஆளைத் தூக்குற தனிப் பக்கெட்டுல (கூண்டுல) நிக்கணும், ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்லிங் (தூக்குற பட்டை) மாட்டின பிறகுதான் மெஷினை வைக்கணும்.

ஃபேஸ்மூணு:
கரண்ட் பத்தி மட்டும் சொல்றேன். "மெயினை ஆஃப் பண்ணா போதும்"னு சொன்ன ஆளை வேலைக்கே விடாதீங்க சார். மெயின் சுவிட்ச் மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கு. போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரைக்கும் வர்ற வயர்ல அப்பவும் 240 வோல்ட் ஓடிட்டுதான் இருக்கும். மட்டை விழுறது அந்த வயர் மேலதான். வயர் மேல உறை இருக்கேன்னு நம்பாதீங்க. வெயில்ல பல வருஷம் காய்ஞ்ச உறை ஒரு இழுப்புக்கு உரிஞ்சுடும். கிளை விழுந்தா வயரைத் தாங்குற ஜிஐ கம்பியும் சுவத்துல இருக்கிற பைப்பும் சேர்ந்து பிடுங்கிட்டு வரும்.

பிரிவு அலுவலகத்துல உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் குடுங்க. மின் இணைப்பு எண், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன மரம், இவ்வளவுதான். லைன்மேன் எல்சி (லைன் கிளியர், லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனை நிறுத்தி, எர்த் பண்ணிட்டு, நேர்ல வந்து "ஆரம்பிங்க"ன்னு சொல்லணும். ஃபோன்ல சொன்னா ஏத்துக்காதீங்க. தெருவுல கரண்ட் போயிடுச்சே, இதான் சமயம்னு தானா ஏறவே கூடாது. எப்ப திரும்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைச் சரியா மாத்திப் போடலைன்னா அங்கிருந்தும் லைனுக்குக் கரண்ட் ஏறும்.

அலுமினிய ஏணி வேண்டாம். காய்ஞ்ச மட்டைனு தொடாதீங்க, காலைப் பனியில நனைஞ்சிருந்தாலே கடத்தும். வயர் அறுந்து விழுந்தா கிட்டப் போகாம மின்னகம் 94987 94987.

சாட்சிக்கூண்டு:
சட்டப் பக்கம் சுருக்கமா. ஆள் விழுந்து இறந்தா போலீஸ் முதல்ல வர்றது உங்க வீட்டுக்கு. கவனக்குறைவால் மரணம்னு பாரதிய நியாய சன்ஹிதா 106இல் வழக்குப் பதிய இடம் இருக்கு. கான்ட்ராக்டர்னு எழுத்துல ஒருத்தரும் இல்லைன்னா, அவரை வேலைக்கு வெச்சது நீங்கதான்னு இழப்பீட்டுக்கு உங்ககிட்ட வருவாங்க. அதனால ரேட்டை ஒரு தாள்ல எழுதி வாங்குங்க: யார் எடுக்கிறார், எத்தனை ஆள், பக்கத்து வீட்டு ஷீட் உடைஞ்சா யார் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் இருக்குன்னா நகலைப் பாருங்க, தேதி முடியலையா, மரம் வெட்டுற வேலை அதுல வருதான்னு. தென்னை வளர்ச்சி வாரியத்தோட கேரா சுரக்ஷா அட்டையைக் காட்டினா, அது தென்னை ஏறும் தொழிலாளிக்கான பாலிசி. பக்கத்து வீட்டு ஷீட்டுக்கும் உங்க ஸ்லாபுக்கும் அதுல எதுவும் கிடைக்காது.

மாடம்பாக்கம்வாசி:
ரொம்ப நன்றி. தென்னையை 16,000காரர்கிட்டயே விடறேன், லெட்டர் நாளைக்குக் குடுக்கிறேன். வேம்புக் கிளையை மட்டும் மத்தவர்கிட்ட குடுக்கலாமா? அதுல வயர் எதுவும் இல்லை. கிளை அடியில எட்டு அங்குல கனம், கீழே தண்ணி டேங்க் இருக்கு.

கணுக்கிளை:
குடுக்கலாம், ஒரு கேள்விக்குப் பதில் சரியா வந்தா. "முதல் வெட்டு எங்கே போடுவீங்க?"ன்னு கேளுங்க. "மேலிருந்து"ன்னா அனுப்பிடுங்க. மேலிருந்து அறுத்தா பாதி தாண்டும்போதே கிளை தன் பாரத்துல முறிஞ்சு, அடிமரத்துப் பட்டையை மூணு நாலு அடிக்கு உரிச்சுட்டு தொங்கும், இல்லைன்னா அறுக்கிறவர் பக்கமே வீசும். அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழ்ப்பக்கம் மூணுல ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதுக்கு ரெண்டு மூணு அங்குலம் வெளியே மேலிருந்து ரெண்டாவது. பாரம் போன பிறகு மிச்சக் கட்டையை, கிளை மரத்தோட சேர்ற இடத்துல இருக்கிற வீக்கத்துக்குச் சற்று வெளியே அறுக்கணும். அந்த வீக்கத்தை விட்டு வெச்சாத்தான் காயம் மூடும். மரத்தோட மட்டமா வழிச்சு எடுத்துட்டு மேல தார் பூசுறது வேண்டாத வேலை.

டேங்க் இருக்கிறதால மொத்தக் கிளையை ஒரே தடவையா எடுக்க விடாதீங்க. நுனியிலிருந்து நாலடித் துண்டுகளா, கயித்துல இறக்கணும். கயிறு மேலே ஒரு கவட்டை வழியா வந்து, அடிமரத்தை ரெண்டு மூணு சுத்து சுத்தின பிறகு கீழே நிக்கிறவர் கைக்கு வரணும். வெறும் கையில பிடிச்சா உள்ளங்கைத் தோல் போகும், துண்டும் டேங்குல இறங்கும். வெட்டுறதுக்கு முன்னாடியே கயிறு விறைப்பா இருக்கணும். தொய்வு விட்டா விழுற வேகத்துல துண்டோட எடையைப் போலப் பல மடங்கு இழுப்பு வரும். கிணத்தடியில வெயில்ல கிடந்து வெளுத்த பிளாஸ்டிக் கயித்தைக் கொண்டு வந்தா திருப்பி அனுப்புங்க.

மெஷினைத் தரையில ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பாருங்க. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் செயின் ஓடுதுன்னா அந்த மெஷின் மரத்துல ஏறக் கூடாது. மேலே ஒரு கையால அறுக்கிறவரையும், தோளுக்கு மேல தூக்கி அறுக்கிறவரையும் நிறுத்துங்க. செயின் ஓடுற பாரோட (தகட்டோட) நுனி எதுலயாவது பட்டா மெஷின் முகத்துக்கு எகிறும். அறுக்கும்போது பெல்ட் கயிறு ஒண்ணுக்கு ரெண்டா இருக்கணும், ஒண்ணுல செயின் பட்டாலும் மத்தது தாங்கும்.

தென்னை விஷயத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. 16,000இல் அடிக்கட்டை சேர்த்தியான்னு கேளுங்க. பெரும்பாலும் தரை மட்டத்தோட நிறுத்திட்டு, தோண்டத் தனியா கேட்பாங்க. உங்களுக்குக் கட்டையையும் வேரையும் எடுத்தே ஆகணும், அந்தப் பூஞ்சாணம் அதுலதான் தங்கும். அந்தத் தூளையும் துண்டையும் வேற தென்னைக்கு மூடாக்கா போட வேண்டாம், அதே குழியில தென்னையும் வைக்க வேண்டாம்.