செத்துப் போனவிய நமக்கு அடையாளம் காட்டுவாவளா? நடந்தத சொல்லுங்க

தோவாளைக்காரி:
நானே தொடங்குகேன், ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அம்மை போன பெறவு வந்த ஆடி மாசம், திருநெல்வேலிலேருந்து கார்ல வாறோம். முப்பந்தல்ல இசக்கியம்மன கும்பிட்டுட்டு வீட்டுக்காரர் வண்டிய எடுத்தாரு, அந்த மாசத்துல அங்க காத்து எப்பிடி அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், கண்ணாடி முழுசும் ஏத்தி ஏசி போட்டாச்சு. அப்பம் வந்துச்சு பிச்சிப்பூவும் கோடாலித் தைலமும் சேந்த ஒரு மணம். எங்க அம்மை விடியதுக்கு முன்ன பூ கெட்ட உக்காருவா, வெரல் கடுக்கும், மாமா துபாய்லேருந்து கொண்டு வந்த தைலத்த தேய்ச்சுகிட்டே கெட்டுவா, பூவுல தைலம் மணக்குன்னு சந்தையில ஏவாரி ஏசுவாரு. அந்த மணமேதான். நான் வாயே தொறக்கல, வீட்டுக்காரர்தான் "என்ன தைலம் மணக்கு, தலவலிக்கா?"ன்னு கேட்டாரு. எனக்கு மட்டும் வந்திருந்தா நெனப்புன்னு விட்டிருப்பேன், அவரு கேட்டதுதான் இன்னிக்கும் விட மாட்டேங்குது.

கோட்டாறு அண்ணாச்சி:
தங்கச்சி மனசு நோகாதீங்க, ஆனா நீங்க வந்த எடத்த யோசிங்க. ஆடியில காத்து மேக்கேருந்து கெழக்க அடிக்கும், ஆரல்வாய்மொழி கணவாய்ல நெருக்கிகிட்டு வரும், அதனாலதான அங்க இத்தன காத்தாடி நட்டு வச்சிருக்கான். மேக்க இருக்கது தோவாளை பூச்சந்தை. பிச்சி மணம் முப்பந்தல் வரைக்கும் வராதா? ஏசி வெளிக்காத்தையும் உள்ள இழுக்கும், கண்ணாடி ஏத்துனா மட்டும் போறாது. முன்னால பூ லோடு வண்டி ஏதாவது போயிருக்கும். எங்க அப்பா போனப்ப எனக்கு ஒண்ணும் வரல, கனவுல கூட வரல, அதுக்காக அவருக்கு எம்மேல பாசம் இல்லன்னா அர்த்தம்?

தோவாளைக்காரி:
பூ லோடு வண்டியில கோடாலித் தைலம் யாரு ஏத்துவா அண்ணாச்சி? நான் பொறந்ததே பூவுக்குள்ள, வெறும் பிச்சி மணமும் அம்மைக்க கை மணமும் எனக்கு மாறாது. உங்க அப்பாவுக்கு பாசம் இல்லன்னு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.

குலசேகரம் பால்வெட்டு:
எனக்கு குரல். பாட்டா போன பெறவு ரப்பர் தோட்டத்த நான்தான் பாக்கேன். மழ விட்ட சமயம், விடியக்காலம் தலையில லைட்ட கெட்டிட்டு வெட்டிட்டு வாறேன், பின்னால "மக்களே, சிரட்ட கவுந்து கெடக்கு பாரு"ன்னு கேட்டுச்சு, நல்லா தெளிவா, அந்த மூக்கடைச்ச குரல்ல. திரும்பி லைட் அடிச்சா ஆளில்ல, ஆனா ரெண்டு மரத்துக்கு அப்புறம் சிரட்ட கவுந்துதான் கெடந்துச்சு, பாலு தரையில ஒழுகிட்டிருக்கு. அவ்வளவுதான் நம்ம கத.
ஆனா இத படிக்கவிய ஒண்ணு தெரிஞ்சுகிடணும். இப்பிடி கேக்கது பைத்தியம் இல்ல. வேல்ஸ்ல டெவி ரீஸ்னு ஒரு டாக்டர், புருசன் பொண்டாட்டிய இழந்த 293 பேர்கிட்ட விசாரிச்சு 1971ல எழுதியிருக்காரு, பாதிக்கு கொஞ்சம் கொறைவான பேர் செத்தவங்கள பாத்தோம், குரல் கேட்டோம், பக்கத்துல இருக்கது போல இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. அதுல முக்கால்வாசிப் பேர் அதுக்கு முன்ன யாருகிட்டயும் சொன்னதே இல்ல. பலருக்கு அது ஆறுதலாத்தான் இருந்திருக்கு. அதனால வந்தா வரட்டும்னு விடுங்க, பயப்படாதீங்க. ஆனா அதுக்க பின்னால குறி கேக்க போயிராதீங்க, "ஆத்மா அடங்கல, பூச பண்ணணும்"னு சொல்லி துட்ட உருவுகதுக்குன்னே ஆளு இருக்கு, துக்கத்துல இருக்கவியதான் அவனுக்கு வேணும். தூங்க முடியல, சாப்பாடு எறங்கல, செத்துருவோமான்னு தோணுதுன்னா மட்டும் டாக்டர்ட்ட போங்க. தனியா இருக்காதீங்க, வீட்ல நாலு பேருகிட்ட வாய்விட்டு சொல்லுங்க. செத்தவிய துணிய ஒரே நாள்ல தூக்கிப் போடாதீங்க, பைய பைய எடுங்க.

மார்த்தாண்டம் சபைப் பிள்ள:
வேதத்துல உபாகமம் 18ல செத்தவங்ககிட்ட குறி கேக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. எங்க சபையிலயும் அப்பிடித்தான் சொல்லித் தருவாங்க. ஆனா நாங்க யாரும் கேக்கலியே, தானா வந்துச்சுன்னா என்ன செய்ய? அம்மா எறந்த மறுவாரம் அவங்க பைபிள தொறந்தேன், நான் ஸ்கூல்ல எழுதுன ஒரு லெட்டர் உள்ள இருந்துச்சு, "அம்மா கோவப்படாதீங்க"ன்னு. அத அடையாளம்னு சொல்லலாமான்னு தெரியல, போதகர்ட்ட கேக்கவும் இல்ல.

குழித்துறை ஆத்தங்கர:
ஆடி அமாவாசை வாவுபலிக்கு ஆத்துல முங்கி பலி போட்டுட்டு காக்கா எடுக்கதுக்கு காத்து நிக்கவியள வந்து பாருங்க, படிச்சவன் படிக்காதவன் எல்லாம் மேல பாத்துட்டு நிப்பான். எங்க பெரியப்பா பலிய காக்கா தொடவே இல்ல, அண்ணனும் தம்பியும் அங்க வச்சே சண்ட, அப்பாவ ஒழுங்கா பாக்காதது நீயா நானான்னு. காக்காக்கு வயிறு நெறஞ்சிருக்கும், அன்னிக்கு ஆத்தங்கர முழுக்க சோறுதான.

தூத்தூர் கடக்கரை:
எல்லாரும் அடையாளம் வந்துச்சு வரலன்னு பேசுதீங்க. எங்க மாமி அது வரக்கூடாதுன்னு செபம் பண்ணுகா. மாமா 2017 நவம்பர்ல ஆழ்கடலுக்கு போனவரு, ஒக்கி புயல் அடிச்சுது, வரல. உடம்பும் கிடைக்கல. அரசு காணாமப் போனவங்கள எறந்ததா எடுத்து 20 லட்சம் குடுத்துச்சு, மாமி கையெழுத்து போட்டா, பிள்ளைகள படிக்க வச்சா. ஆனா செத்துட்டாருன்னு அவ வாயால சொல்லல. மகளுக்கு கல்யாணம், கோயில்ல பூசை முடிஞ்சு போட்டோ எடுக்கோம், ஒரு பட்டாம்பூச்சி வந்து பொண்ணுக்க தலையில போட்ட நெட்டுல உக்காந்துச்சு. அத்தனை பேரும் "ஐயோ, அப்பன் வந்துட்டான்"னு அழுதாச்சு. மாமி மட்டும் கைலேஞ்சிய எடுத்து வீசி வீசி அத வெரட்டினா, "போ, போ, அவரு அல்ல, அவரு கடல்ல இருக்காரு"ன்னு. வீடியோவுல இருக்கு, யாரும் அந்த எடத்த போட்டு பாக்கதில்ல. பட்டாம்பூச்சி மாமான்னா மாமா செத்தாச்சு, அதான. உங்களுக்கெல்லாம் அடையாளம் ஆறுதல், அவளுக்கு அது மரணச் சேதி.

குலசேகரம் பால்வெட்டு:
தங்கச்சி, இத்தன வருசம் ஆகியும் ஏத்துக்க முடியலன்னா மாமிய ஒரு நல்ல மனநல டாக்டர்ட்ட காட்டுகது நல்லது, ஆசாரிப்பள்ளம் பெரிய ஆசுபத்திரியில

தூத்தூர் கடக்கரை:
வேண்டாம் அண்ணா. மாமிக்கு ஒரு கொறையும் இல்ல. விடிய எந்திரிச்சு மீன் ஏலத்துக்கு போறா, மூத்தவன கடலுக்கு விடாம படிக்க வச்சு வேலையில ஏத்திட்டா, சீட்டுக் கணக்கு அவளதான் நம்பி குடுக்காவ. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த மட்டும் வர மாட்டா. பங்கு அச்சன் கூட கூப்பிட மாட்டாரு. நாங்களும் கூப்பிடதில்ல.

தோவாளைக்காரி:
கூப்பிடாதீங்க பிள்ள. மாமி செய்யதுதான் சரி.