மார்த்தாண்டம் ‘மார்த்தாண்’ ஆன கதை: டேட்டாபேஸ் லைப்ரரி அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நூலகம் என்று எழுதினால் நாகர்கோவில் மாவட்ட நூலகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகவே, நாம் எழுதும் நிரல் தரவுதளத்தோடு பேச உதவும் ஆயத்த நிரல் தொகுப்பை லைப்ரரி என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வாங்கும் வணிகர் ஒருவருக்கு 2012ஆம் ஆண்டு பிஎச்பி என்ற நிரல்மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பால் வெட்டி முடித்துக் கேன்களில் கொண்டு வருகிறவர்களின் பெயர், ஊர், பாலின் எடை, அதிலுள்ள உலர் ரப்பரின் சதவீதம், அன்றைய விலை ஆகியவற்றைப் பதிந்தால் சீட்டு அச்சாகி வரும். அந்நாளில் பலரையும் போல நானும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுதளத்தோடு பேசும் பிஎச்பியின் பழைய ஃபங்ஷன்களையே நம்பியிருந்தேன். 2013இல் வந்த 5.5 பதிப்பில் அவற்றைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டார்கள். வணிகர் பழைய கணினியையே வைத்திருந்த வரைக்கும் இது எனக்கு வெறும் செய்தியாக இருந்தது. புதுக் கணினி வாங்கிய அன்று சீட்டு அச்சாகவில்லை.

என் முன்னால் இரண்டு லைப்ரரிகள் இருந்தன. மைஎஸ்க்யூஎல்ஐ மைஎஸ்க்யூஎல்லுக்கு மட்டும் உரியது. பிடிஓ பல தரவுதளங்களோடும் பேசும். பிற்காலத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுதளத்துக்கு மாறினாலும் மாறுவோம் என்று எண்ணிப் பிடிஓவைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பிற்காலம் இன்றுவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.

இணைப்பு வரியில் எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை, யூடிஎஃப்8எம்பி4 என்று முறைப்படி எழுதி, பட்டியலைத் திறந்து பார்த்தால் தமிழ் ஒன்றுமே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ ஒன்றும் வட்டத்துக்குள் ‘ஆர்’ ஒன்றும் வரிசையாக நின்றன. இரண்டு நாள் புது லைப்ரரியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் குற்றவாளி நான் என்று புரிந்தது. பழைய நிரலில் எழுத்துக் குறியாக்கத்தை நான் குறிப்பிடவே இல்லை. எனவே இணைப்பும் அட்டவணையும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் மட்டும் தரும் லத்தீன்1 என்ற இயல்புநிலையில் இருந்திருக்கின்றன. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்8இல் 3 பைட் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாகக் கருதி உள்ளே வைத்து, கேட்டபோது அதே வரிசையில் திருப்பிக் கொடுத்ததால், திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. பிடிஓ உண்மையைச் சொல்லி இணைந்ததும் பழைய பொய் வெளிப்பட்டுவிட்டது.

அப்போதுதான் இன்னொரு புதிருக்கும் விடை கிடைத்தது. ஊர்ப் பெயருக்கு 30 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தேன். குலசேகரம் ஒழுங்காக அச்சாகும். மார்த்தாண்டம் மட்டும் ‘மார்த்தாண்’ என்றும், திருவட்டாறு ‘திருவட்டாற’ என்றும் பல ஆண்டுகளாக அச்சாகி வந்தன. தட்டச்சு செய்கிற பையனின் அவசரம் என்று நினைத்திருந்தோம், பாவம். காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மார்த்தாண்டத்துக்கு 13 குறியீடுகள், 39 பைட். முப்பதாவது பைட்டில் கத்தி விழுந்தால் பத்துக் குறியீடுகளே மிஞ்சும். பழைய மைஎஸ்க்யூஎல் அப்படி வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதி வைக்கும்; அதை யார் படித்தோம்? அட்டவணையின் அந்த நெடுவரிசையை முதலில், எழுத்து என்று பாராமல் பைட்டுகளாக மட்டும் வைக்கும் பைனரி வகைக்கு மாற்றி, அதன்பின் யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றியதும் மீதிப் பெயர்கள் மீண்டன. வெட்டுப்பட்டவற்றைக் கையால்தான் திருத்தினோம்.

சிறு தொல்லைகளும் உண்டு. தரவுதளத்துக்கு நாம் அனுப்பும் கட்டளைதான் வினவல்; அதையும் அதில் சேரவேண்டிய மதிப்புகளையும் தனித்தனியாக அனுப்புவது முன்தயாரிப்பு வினவல். பிடிஓ இயல்பாகவே அப்படி அனுப்பாமல், மதிப்புகளைத் தானே சேர்த்துப் பாவனை செய்து அனுப்புகிறது. எத்தனை வரிகள் வேண்டும் என்று சொல்லும் லிமிட்டுக்குரிய எண்ணை மற்ற மதிப்புகளோடு சேர்த்து, வினவலை இயக்கும் எக்ஸிக்யூட்டில் கொடுத்தால் அதற்கும் மேற்கோள் குறி போட்டுவிடுவதால் தொடரமைப்புப் பிழை வரும். பாவனையை அணைத்துவிட்டேன்.

குளச்சலிலிருந்து ஓர் உறுப்பினர்:

குலசேகரத்து அண்ணனின் பதிவைப் படித்ததும் என் பங்குக்கும் எழுதத் தோன்றியது. நான் பிஎச்பியிலிருந்து பைத்தான் நிரல்மொழிக்கு வந்தவள். மீன் ஏலக் கணக்குக்காக எழுதிய முதல் நிரல் பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிந்தது. அட்டவணையைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. பிஎச்பியில் ஒவ்வொரு வினவலும் தானாகவே உறுதியாகிவிடும். பைத்தானின் தரவுதள லைப்ரரிகள் பின்பற்றும் பெப் 249 என்ற பொது விதியிலோ, நாம் கமிட் (உறுதி செய்) என்று சொல்லாதவரை எதுவும் உறுதியாகாது என்பதே இயல்புநிலை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் ஏலக் கணக்கு செலவானது.

பொது விதி இருப்பதால் ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வினவலில் மதிப்பு வரவேண்டிய இடத்தில், எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுதளத்துக்கான லைப்ரரி கேள்விக்குறி கேட்கும். மைஎஸ்க்யூஎல்லுக்கான பைமைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸுக்கான சைக்கோபிஜியும் சதவீதக் குறியோடு ‘எஸ்’ கேட்கும். நான் எல்லா வினவல்களையும் ஒரே கோப்பில் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

அந்த இடத்தைக்கூட விட்டுவிட்டுப் பெயரை நேராக வினவலில் ஒட்டி எழுதிய ஒரு பழைய நிரல் என் கைக்கு வந்தது. எங்கள் கடற்கரையில் டிக்ரூஸ் என்ற குடும்பப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். அந்தக் குறியில் வினவல் முறிந்து நிற்கும். அதனால் அந்த வீட்டார் பெயர்களையெல்லாம் குறியில்லாமல் எழுதச் சொல்லியிருந்தார்கள்! பெயரைத் திருத்துவதற்குப் பதிலாக நிரலைத் திருத்த முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நிறுவும் சிரமத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லுக்கான இன்னொரு லைப்ரரியான மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் சி மொழியில் எழுதப்பட்டது, வேகமானது. ஆனால் லினக்ஸ் கணினியில், சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் அதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகளும் இல்லாமல் நிறுவ முயன்றால் திரை முழுக்கப் பிழைகள்தான். பைமைஎஸ்க்யூஎல் முழுக்கப் பைத்தான் என்பதால் உடனே உட்கார்ந்துகொள்ளும். துறைமுகத்துக்குப் பக்கத்தில், மின்சாரம் போய்ப் போய் வருகிற ஓர் அறையில் இருக்கும் கணினிக்கு நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அங்கே வேகம் ஒரு பொருட்டே இல்லை.

மதியம் ஏலம் முடிந்து மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும்போது முதல் பதிவு மட்டும் தோற்றுப்போகும். மைஎஸ்க்யூஎல் சும்மா கிடக்கும் இணைப்பை 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம், கழித்து அறுத்துவிடுவது இயல்புநிலை. எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைத்தான் லைப்ரரியின் இணைப்புத் தொகுப்பில் பழைய இணைப்புகளைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அமைப்பு இருக்கிறது என்பதற்காகவே அதைச் சேர்த்துக்கொண்டேன். அதன் மற்ற வசதிகளில் பாதியை இன்னும் தொட்டதில்லை.

குலசேகரத்து உறுப்பினர் மீண்டும்:

தங்கச்சி எழுதியதைப் பார்த்ததும் தசமக் கணக்கை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. 42.350 கிலோ பாலில் 34 சதவீதம் உலர் ரப்பர் என்றால் 14.399 கிலோவுக்குப் பணம். தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் மைஎஸ்க்யூஎல்லின் டெசிமல் மதிப்பைப் பிடிஓ சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்து வரிசையாகத்தான், கொடுக்கும்; அதை அப்படியே பெருக்கினால் பிஎச்பி, தசமத்தைத் தோராயமாகவே வைக்கும் மிதவை எண்ணாக மாற்றிவிடும். நூற்றுக்கணக்கான சீட்டுகளின் மொத்தத்தில் பைசா உதைப்பது அங்கேதான். சைக்கோபிஜி அதே மதிப்பைப் பைத்தானின் டெசிமலாகவே கொடுக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எஸ்க்யூலைட்டில் டெசிமல் என்று அறிவித்தாலும் உள்ளே மிதவை எண்ணாகத்தான் போய் உட்காரும். பைத்தானின் டெசிமலை நேரடியாகக் கொடுத்தால் வாங்கவே வாங்காது. அங்கே எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைக்கிறேன்.

இப்போது எந்த லைப்ரரி வந்தாலும் முதலில் ஒரே ஒரு வரியைப் பதிந்து பார்க்கிறேன்: பெயர் மேற்கோள் குறியோடு டிக்ரூஸ், ஊர் மார்த்தாண்டம், எடை 42.350. பதிந்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விட்டுவைப்பேன். காலையில் அதே இணைப்பில் அந்த வரியைப் படித்துப் பார்த்த பிறகுதான் வணிகரிடம் விலை பேசுகிறேன்.