வர்க்கப் பூர்த்தி: சூத்திரம் இருக்கறப்ப இது எதுக்குங்க?

வேலந்தாவளத்துக்காரர்:
பையன் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்துல பத்தாவதுங்க. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் தலைகீழாத் தெரியும். டியூஷன்ல வர்க்கப் பூர்த்தியிலதான் (ஒரு எண்ணைச் சேத்து முழு வர்க்கமாக்கிப் போடற முறை) போடணும்னு ரெண்டு வாரமா அதுலயே நிக்கறாங்க. நேத்து ராத்திரி 2ப² − 7ப + 3 = 0 போட்டோம். 2-ஆல வகுத்தா 7/2, அதுல பாதி 7/4, அதோட வர்க்கம் 49/16. அவன் 49/8-ன்னு எழுதி மொத்தக் கணக்கும் போச்சு. காரணிப்படுத்தினா (2ப − 1)(ப − 3), ரெண்டே வரி. இது வேண்டாத வேலைன்னுதான் நான் சொல்வேன்.

சித்தூர் கணக்கு டீச்சர்:
பின்னத்துல மாட்டினது சரிதாங்க, ஆனா முறை மேல பழி போடாதீங்க. ஒரு சதுரத் தோட்டம், பக்கம் ப மீட்டர். ஒரு பக்கத்துல 6 மீட்டர் அகலத்துக்கு நிலம் சேத்து வாங்கறோம். மொத்தம் 91 சதுர மீட்டர். அதாவது ப² + 6ப = 91. பழைய காலண்டர் தாள்ல வெட்டிப் பாக்கச் சொல்லுங்க. 6 மீட்டர் பட்டையை நெடுக ரெண்டா வெட்டி, ஒண்ணை வலதுபக்கமும் ஒண்ணைக் கீழயும் ஒட்டினா, மூலையில மட்டும் 3-க்கு 3 ஓட்டை விழும். அந்த 9-ஐ அடைச்சா முழுச் சதுரம், 100. பக்கம் 10, அதனால ப = 7. போன வருஷம் ஒரு பொண்ணு அந்த ஓட்டையில விரல வச்சு, "டீச்சர், இதுதான் அந்தப் பாதியோட வர்க்கமா?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் அவ அந்த வரியில தப்பவே இல்ல. 9-ஆம் நூற்றாண்டுல பாக்தாத்துல அல் குவாரிஸ்மிங்கற கணித அறிஞர் ப² + 10ப = 39-க்குப் படம் போட்டு விளக்கினதும் இதே மாதிரிதாங்க.

மீனாட்சிபுரம் மாமா:
படம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நான் பி.எஸ்.சி. (அரசு வேலைத் தேர்வு) கோச்சிங் எடுக்கறவன். அங்க தாள் வெட்ட யாருக்கு நேரம்? சூத்திரம் எந்தக் கணக்குக்கும் செல்லும்.

சித்தூர் கணக்கு டீச்சர்:
அந்தச் சூத்திரமே வர்க்கப் பூர்த்தியில பிறந்ததுங்க மாமா. பொதுவான சமன்பாட்டுக்கு இதை ஒருதடவை செஞ்சு எழுதி வச்சதுதான் அது. பதினொண்ணாவதுல வட்டத்தோட சமன்பாட்டைக் குடுத்து மையம் கேட்டா, அங்க சூத்திரக்காரன் முழிப்பான்.

பின்னம்தான் தொல்லைன்னா நம்ம பழைய கணித அறிஞர் ஸ்ரீதராச்சாரியார் வழி இருக்கு. அதைச் சொன்ன அவரோட இயற்கணித நூல் கிடைக்கல, பின்னால வந்த பாஸ்கராச்சாரியார் 1150-ல எழுதின பீஜகணிதத்துல எடுத்துச் சொல்றார். முதல் கெழுவை (ப²-க்கு முன்னால இருக்கற எண்) நாலு மடங்காக்கி, அதால முழுச் சமன்பாட்டையும் பெருக்கணும். உங்க 2ப² − 7ப + 3 = 0-ல அது 8. 16ப² − 56ப + 24 = 0. அப்புறம் 24-ஐ அந்தப் பக்கம் தள்ளி, ரெண்டு பக்கமும் 7-ஓட வர்க்கம் 49-ஐச் சேத்தா (4ப − 7)² = 49 − 24 = 25. 4ப − 7 = 5 அல்லது −5. ப = 3 அல்லது 1/2. கடைசி வரி வரைக்கும் பின்னமே இல்ல.

மீனாட்சிபுரம் மாமா:
ஸ்ரீதரர் வழியை நாளைக்கே வகுப்புல சொல்றேன். ஆனா காரணி சட்டுனு தெரியற கணக்குக்கு நான் காரணிதான்.

வேலந்தாவளத்துக்காரர்:
பையனும் நானும் 91 கணக்கை வெட்டி ஒட்டிட்டோம். அவன் கேக்கறான்: ப² − 6ப = 16-ன்னு வந்தா பட்டையை எங்க ஒட்டறது?

சித்தூர் கணக்கு டீச்சர்:
ஒட்டக்கூடாது கண்ணு, வெட்டணும். வலதுபக்கம் 3, கீழ 3. மூலையை ரெண்டு பட்டையிலயும் சேத்துக் கழிச்சிருக்கோம், ஒரு 9-ஐத் திருப்பிக் குடுக்கணும். மிச்சச் சதுரம் 25, பக்கம் 5. அப்ப ப எவ்வளவுன்னு அவனையே சொல்லச் சொல்லுங்க.