உதவி: ஆறு மாசத்துல ஏழு எல்ஈடி பல்பு போச்சு, இனி எதைப் பார்த்து வாங்கணும்?

நாலாம் மாடி, ரங்கூன்

வணக்கம். ரங்கூன் டவுன்ல நாலாம் மாடி வீடு. மீட்டர் எல்லாம் கீழே படிக்கட்டு அடியில ஒரே பலகையில இருக்கு. ஆறு மாசத்துல ஏழு பல்பு போச்சு. விவரம்:

ஹால் (12க்கு 14 அடி): 12 வாட் பல்பு ரெண்டு, மரை ஹோல்டர். சமையல்கட்டு: மூடின கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ள 9 வாட். குளியலறை: 7 வாட். படுக்கையறையில பழைய நாலடி டியூப் லைட், 36 வாட், இரும்புச் சோக்.

சாயந்தரம் ஆறு மணியிலிருந்து பத்து வரைக்கும் எல்லாமே மங்கல். சில ராத்திரி திடீர்னு அஞ்சு பத்து நிமிஷம் பளிச்சுன்னு எரியுது. கரண்ட் வந்து ‘மீ லாபீ’ன்னு (பர்மியத்துல ‘கரண்ட் வந்துடுச்சு’) தெருவே கத்துற அந்த நிமிஷத்துல மட்டும் மூணு பல்பு போயிருக்கு. ரெண்டைப் பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணுல ஒரே ஒரு எல்ஈடி புள்ளி மட்டும் கறுப்பு. இன்னொண்ணுல புள்ளி எல்லாம் சுத்தம், உள்ளே ஒரு ரெசிஸ்டர் கருகியிருக்கு.

குளியலறை பல்பு சுவிட்சை அணைச்ச பிறகும் மினுக்குன்னு எரியுது. இன்வெர்ட்டர்ல (100 ஆம்பியர்-மணி பேட்டரி, மலிவு ரகம்) ஓடும்போது பல்பு ‘ஙொய்’னு சத்தம் போடுது.

எந்தப் பல்பு, எத்தனை வாட், வெள்ளையா மஞ்சளா? மீட்டர் யூனிட்டும் குறையணும்.

பெகு வயரிங்

தம்பி, இப்போதைக்குப் பல்பு வாங்காதீங்க. நீங்க சொன்னதுல ஒரு வரி எனக்குப் பிடிக்கல: ‘சில ராத்திரி பளிச்சுன்னு எரியுது’. மங்குறது ஊர் வழக்கம். ஆனா தானா பிரகாசமாகுறது அப்படி இல்ல, வோல்ட் மேலே போகுதுன்னு அர்த்தம்.

மல்ட்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்ல வச்சு ஒரே பிளக்குல மூணு நேரம் அளங்க: மத்தியானம், சாயந்தரம் ஏழு மணி, அந்தப் பளிச்சு வரும்போது. அதோட சோத்துக் குக்கர் (700 வாட் சுமார்) போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, போட்ட பிறகு ஒண்ணு. குக்கர் இழுக்கிறது 3 ஆம்பியர்தான். அதுக்கு 5 வோல்ட்டுக்குள்ள இறங்கினா சரி. 15க்கு மேல இறங்கினா வழியில எங்கயோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கு.

நாலாம் மாடி, ரங்கூன்

அளந்தாச்சு அண்ணே. மத்தியானம் 221. ஏழு மணிக்கு 168. ராத்திரி 9.40க்கு 262, எட்டு நிமிஷம் நின்னுது. குக்கர் போட்டதும் 219லேர்ந்து 196.

பெகு வயரிங்

அப்போ நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) தளர்வுதான் முதல் சந்தேகம். கட்டடத்துக்கு மூணு பேஸ் (கரண்ட் வர உயிர் வயர்) வருது, மாடிக்கு ஒண்ணா பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க, நியூட்ரல் எல்லாருக்கும் பொது. அந்த நியூட்ரல் சரியா இறுகலைன்னா எந்தப் பேஸ்ல லோடு அதிகமோ அங்க வோல்ட் சரியும், லோடு குறைவான பேஸ்ல ஏறும். ஏழு மணிக்கு உங்க பேஸ்ல சமையல், உங்களுக்கு 168. ஒன்பதரைக்கு நீங்க அணைச்சுட்டீங்க, வேற பேஸ்ல இருக்கிற மாடிக்காரர் ஏசி போடுறார், உங்களுக்கு 262. நியூட்ரல் முழுசா அறுந்தா 300க்கு மேலேயும் போகும். அப்போ பல்போட நிக்காது, டிவியும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து போகும்.

உறுதி பண்ண மீட்டர் பலகையில மூணு பேஸையும் நியூட்ரலோட அளக்கணும். மூணும் சேர்ந்து குறைஞ்சிருந்தா தெரு லைனே பலவீனம். ஒண்ணு குறைஞ்சு ஒண்ணு ஏறி, பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில மட்டும் 400 பக்கத்துல நின்னா நியூட்ரல்தான். இதை நீங்க திறந்து அளக்க வேண்டாம், அங்க பிரேக்கர் கிடையாது, மின்சார அலுவலக லைன்மேனைக் கூப்பிடுங்க. அலுமினிய வயரும் செம்பு வயரும் நேரா முறுக்கின இடம் இருந்தா முதல்ல அதைப் பார்க்கச் சொல்லுங்க. மழைக்காலத்துல அந்த முறுக்குதான் வெள்ளைப் பூத்துப் போகும்.

அது முடிஞ்ச பிறகு வீட்டு மெயினுக்கு அடுத்து 40 ஆம்பியர் ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் (வோல்ட் ரொம்ப ஏறினாலோ இறங்கினாலோ தானா துண்டிக்கிற கருவி) ஒண்ணு போடுங்க. மேல் வரம்பு 255, கீழ் வரம்பு 170, திரும்பச் சேர 180 விநாடி. அந்த மூணு நிமிஷம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்காக, கரண்ட் வந்த முதல் குலுக்கலும் அதுக்குள்ள ஓஞ்சுடும். இடி மின்னலை இது தடுக்காது. அதுக்கு வேற கருவி, நல்ல எர்த்தும் வேணும்.

தட்டோன் எலெக்ட்ரிக் கடை

பல்பு பக்கம் நான் சொல்றேன்.

நீங்க பிரிச்ச ரெண்டும் வேற வேற சாவு. உள்ளே எல்ஈடி எல்லாம் வரிசையாக் கோத்திருக்கும், ஒரு புள்ளி கருகினா மாலை அறுந்த மாதிரி மொத்தமும் அணையும். கறுப்புப் புள்ளின்னா சூடு, இல்ல அதிகக் கரண்ட். புள்ளி சுத்தமா இருந்து ரெசிஸ்டர் கருகினா கரண்ட் திரும்பும்போது வந்த அடி.

உங்க பல்பு 168ல மங்குதுன்னு சொன்னதே உள்ளே என்ன இருக்குன்னு காட்டிக் கொடுக்குது. மலிவு பல்புல கண்டென்சர் ஒண்ணு கரண்டைக் கட்டுப்படுத்தும். வோல்ட் குறைஞ்சா மங்கும், ஏறினா எல்ஈடியை வதைக்கும். அடுத்த ரகத்துல தட்டு மேலேயே ஒரு சின்ன ஐசி இருக்கும். அது கொஞ்ச தூரம் தாங்கும், குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனதும் துடிக்க ஆரம்பிக்கும். மூணாவது ரகத்துலதான் சுருளோட நிலைக்கரண்ட் டிரைவர் வரும். 100ல எரிஞ்சாலும் 260ல எரிஞ்சாலும் அதே வெளிச்சம். நம்ம ஊருக்கு அது ஒண்ணுதான் சரி. பெட்டியில ‘85–265’ இல்ல ‘100–265’ன்னு இருக்கணும். ‘220–240’ மட்டும் இருந்தா வச்சுட்டு வந்துடுங்க, விலை பாதியா இருந்தாலும்.

வாட்டைப் பார்க்காதீங்க, லூமன் (வெளிச்சத்தோட அளவு) பாருங்க. பழைய குண்டு பல்பு 60 வாட்டுக்குச் சமம் சுமார் 800 லூமன், 100 வாட்டுக்கு 1500. நல்ல பல்பு வாட்டுக்கு 100 லூமனாவது தரும். பெட்டியில லூமனே போடாம ‘12 வாட்’னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருந்தா, உள்ளே 7 வாட்தான் இழுக்கும் சரக்கும் உண்டு. மின்சிக்கன லேபிள்ல ஒரு குழப்பம்: தாய்லாந்துச் சரக்குல 5ஆம் எண் உயர்ந்த தரம், சீனச் சரக்குல 1 உயர்ந்தது. 5 பார்த்துப் பழகினவங்க சீனப் பெட்டியில 3ஐப் பார்த்து ‘நடுத்தரம்தானே’ன்னு எடுத்துட்டுப் போறாங்க. பல்புல அதுதான் கடைசிப் படி.

உங்க ஹாலுக்கு 2400லேர்ந்து 3000 லூமன். படுக்கையறைக்கு 1200 போதும், சமையல்கட்டுக்கு 1500, குளியலறைக்கு 600.

நிறம்: இங்க எல்லாரும் 6500 கெல்வின் பால் வெள்ளைதான் கேப்பாங்க. ஹாலுக்குச் சரி. படுக்கையறைக்கு 3000 வையுங்க. சமையல்கட்டுக்கு 4000, நிறத்திறன் எண் (நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கிற CRI) 90க்கு மேல. சாமி படத்துக்கும் அதே 90தான், 3 வாட் 2700 கெல்வின் போதும். 70 எண் வெள்ளை பல்புக்குக் கீழே குங்குமம் செங்கல்பொடி மாதிரித் தெரியும். மீனு வாங்கி வந்தா செவுள் சிவப்பா பழுப்பான்னே புரியாது.

நாலாம் மாடி, ரங்கூன்

நன்றி ஐயா. கண்ணாடிக் கிண்ணம் பிரச்சினையா? அதுக்குள்ளதான் மூணு பல்பு போச்சு. டியூப் லைட்டையும் மாத்தலாமா?

தட்டோன் எலெக்ட்ரிக் கடை

கிண்ணம்தான் எமன். எல்ஈடி சூடு முன்னாடி போகாது, பின்கழுத்து வழியாத்தான் இறங்கும். கழுத்தைச் சுத்தி காத்து இல்லைன்னா உள்ளே இருக்கிற எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் காய்ஞ்சு உப்பும். 10 டிகிரி சூடு ஏறினா அதோட ஆயுள் சுமாரா பாதி. கிண்ணத்தைக் கழட்டிட்டு 15 வாட் வையுங்க. ஈசல் தொல்லைன்னு கிண்ணம் வேணும்னா, மூடின கூண்டுக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்கிற 7 வாட் ஒண்ணு வச்சு, அடுப்பு மேடைக்கு மேல தனியா ஒரு சின்னப் பட்டை லைட் போடுங்க.

டியூப்தான் யூனிட் குறைய வழி. 36 வாட் டியூப், சோக் தின்கிறது 9, ஆக 45. எல்ஈடி டியூப் 18. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்னா மாசம் 4 யூனிட் மிச்சம். 12 வாட் பல்பை 10 ஆக்கினா மாசத்துக்கு 0.3 யூனிட்தான், அதுக்காக மெனக்கெட வேண்டாம்.

மாத்தும்போது சோக், ஸ்டார்ட்டர் ரெண்டையும் கழட்டி எறிங்க. டியூப்ல எந்த முனையில பேஸ், நியூட்ரல்னு குறி இருக்கோ அந்த முனைக்கு மட்டும் ரெண்டு வயரும் போகணும். சில ரகத்துல ரெண்டு முனைக்கும் ஒவ்வொரு வயர். ஒட்டியிருக்கிற படத்தைப் பார்க்காம பழைய வயரிங்கில அப்படியே மாட்டினா ஷார்ட் ஆகும். மெயினை அணைச்சுட்டுத்தான் கை வைக்கணும். ரெண்டு முனை ரகத்துல ஒரு பக்கம் மாட்டினதும் மறுபக்கப் பின்னு ஷாக் அடிக்கலாம்.

பெகு வயரிங்

குளியலறை மினுக்கல்: சுவிட்சை அணைச்சுட்டு ஹோல்டர்ல டெஸ்டர் வையுங்க. விளக்கு நல்லா எரிஞ்சா சுவிட்ச் நியூட்ரல்ல போட்டிருக்கு, பேஸ் நேரா ஹோல்டருக்கு வருது. பல்பு மாத்தும்போது ஈரக்கையில பிடிச்சா ஆளைத் தூக்கும். வயரை மாத்தி பேஸை சுவிட்ச் வழியா கொண்டு போகணும், இதைத் தள்ளிப் போடாதீங்க. எரியலைன்னா சுவிட்ச்ல சிவப்பு இன்டிகேட்டர் இருக்கான்னு பாருங்க, அது வழியா கசியுற துளிக் கரண்டே எல்ஈடிக்குப் போதும். இன்டிகேட்டரைக் கழட்டுங்க, இல்லைன்னா ஹோல்டர்ல பல்புக்கு இணையா 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 கண்டென்சர் ஒண்ணு.

மோல்மேன் சோலார்

இன்வெர்ட்டர் சத்தத்துக்கு வரேன். மலிவு இன்வெர்ட்டர் கொடுக்கிறது படிக்கட்டு மாதிரி அலை. ஒவ்வொரு படியிலயும் வோல்ட் தாவும்போது கண்டென்சர் ரக பல்புக்குள்ள கரண்ட் குத்தும். அதுதான் ‘ஙொய்’. அதுல ஓட்ட ஓட்ட பல்பு சீக்கிரம் போகும். இன்னொரு கணக்கு: மலிவு பல்போட பவர் ஃபேக்டர் (இழுக்கிற பாரத்துல நிஜமா வேலை செய்ற பங்கு) 0.5. வீட்டு மீட்டர் அதுக்குக் காசு கேக்காது, ஆனா 9 வாட் பல்பு இன்வெர்ட்டர் மேல 18 விஏ பாரமா உக்காரும்.

மணிக்கணக்குல கரண்ட் போற ஊர்ல வெளிச்சத்துக்கு இன்வெர்ட்டரே வேண்டாம்னு சொல்வேன். 12 வோல்ட் டிசி பல்பு 5 வாட் மூணு, பேட்டரியிலிருந்து நேரா. மொத்தம் 15 வாட். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில பாதியைத்தான் எடுக்கணும், அதுவே 600 வாட்-மணி, 40 மணி நேரம் வரும். அதே வாட்ல மூணு ஏசி பல்பை இன்வெர்ட்டர்ல எரிச்சா சும்மா இருக்கவே அது 10–15 வாட் குடிக்கும், 20–24 மணி நேரம் தாண்டாது.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. 10 மீட்டர் தூரத்துக்கு 0.3 வோல்ட்தான் இழப்பு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 5 ஆம்பியர் ஃபியூஸ், இது இல்லாம இழுக்கவே கூடாது. பல்புல ‘9–30 வோல்ட்’னு இருக்கணும். வெறும் ‘12’னு இருக்கிறது, பேட்டரி சார்ஜ் ஏறி 14.4 போகும்போது வறுபடும்.

முக்கியமா: டிசி பல்பும் ஏசி பல்பும் வெளியே ஒரே மாதிரி. 12 வோல்ட் பல்பை 230ல மாட்டினா வெடிக்கும். வீட்டுல ஏசி எல்லாம் மரை ஹோல்டர்னா டிசிக்கு பின் ஹோல்டர் மட்டும் போடுங்க. தப்பா மாட்டவே முடியாது.

நாலாம் மாடி, ரங்கூன்

கரண்ட் போனாலும் எரியுற ரீசார்ஜ் பல்பு கடையில இருக்கே, அது வாங்கினா போதாதா?

மோல்மேன் சோலார்

படிக்கட்டுக்கும் குளியலறைக்கும் சரி. உள்ளே இருக்கிறது சின்ன செல்லு, 1200 மில்லி ஆம்பியர்-மணின்னா 4.4 வாட்-மணி. ஒன்றரை வாட் வெளிச்சத்துல மூணு மணி நேரம் வரும். திரும்ப நிறைய பல மணி நேரம் கரண்ட் வேணும். முறை வச்சுக் கரண்ட் வர இடத்துல அரைகுறை சார்ஜுலேயே தேயும்.

சிக்கல் ரெண்டு. இன்வெர்ட்டர் லைன்ல மாட்டாதீங்க, கரண்ட் போகவே இல்லைன்னு நினைச்சு பேட்டரியிலிருந்து சார்ஜ் எடுத்துக்கும். இன்னொண்ணு, வீட்டு வயரிங்ல மத்த சாமான் சேர்ந்திருக்கிறதை வச்சுத்தான் ‘சுவிட்ச் போட்டிருக்கு, கரண்ட் மட்டும் இல்ல’ன்னு அது கண்டுபிடிக்குது. புரொடெக்டர் மெயினைத் துண்டிச்சாலும் வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜ் செருகியிருந்தா எரியும். எல்லா பிளக்கையும் பிடுங்கி வச்சா எரியாது, பல்பு கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

நாலாம் மாடி, ரங்கூன்

பத்து நாள் கழிச்சு எழுதுறேன். லைன்மேன் வந்தார். மீட்டர் பலகையில நியூட்ரல் முறுக்கு வெள்ளைப் பூத்து, டேப்பு உருகியிருந்துது. புது கனெக்டர் போட்டார். இப்ப ஏழு மணிக்கு 197, ராத்திரி 9.40க்கு 231. குக்கர் போட்டா 4 வோல்ட் இறங்குது. குளியலறை சுவிட்ச் நியூட்ரல்லதான் இருந்துது, மாத்தியாச்சு, மினுக்கல் நின்னுது. டியூப்பும் மாத்தினேன்.

ஒரே சந்தேகம்: புது ‘100–265’ பல்பை போன் கேமராவுல பார்த்தா கோடு கோடா ஓடுது. திருப்பிக் கொடுக்கணுமா?

தட்டோன் எலெக்ட்ரிக் கடை

லேசா மங்கின கோடுன்னா விடுங்க. கறுப்புப் பட்டையா அழுத்தமா ஓடினா உள்ளே வடிகட்டும் கண்டென்சர் சின்னது. அதைப் படிக்கிற மேஜைக்கு வைக்காம குளியலறைக்கு மாத்துங்க. நாலு பல்பு வாங்கி ஒண்ணு மட்டும் அப்படி ஓடினா அந்த ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க. பெட்டியும் ரசீதும் கையில இருக்கட்டும்.