மதுரைத் திருமங்கலத்துக்குப் போட்ட கூரியர் சென்னைத் திருமங்கலத்தில் நிற்கிறது, என்ன செய்வது?

கள்ளிக்குடிக்காரன்:
வணக்கம். கோவையிலிருந்து அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி கூரியரில் அனுப்பினேன். அம்மா இருப்பது மதுரைப் பக்கம் திருமங்கலம். பார்சல் மூன்று நாளாகச் சென்னையில் கிடக்கிறது. ‘முகவரி கிடைக்கவில்லை’ என்று குறுஞ்செய்தி வேறு. கதவு எண், தெரு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

தபால்காரர் மகன்:
பின்கோடு என்ன போட்டீர்கள்? ரசீதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கள்ளிக்குடிக்காரன்:
600040. ஐயோ! ஆன்லைனில் ஊர்ப்பெயரை அடித்ததும் அதுவாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கவனிக்கவே இல்லை.

தபால்காரர் மகன்:
அதுதான் விஷயம். 600040 சென்னை அண்ணா நகர். அதை ஒட்டியே அங்கும் ஒரு திருமங்கலம் இருக்கிறது, மெட்ரோ நிலையம்கூட உண்டு. உங்கள் ஊருக்கு 625706. பார்சலைப் பிரிக்கும் இடத்தில் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். 600 என்றால் சென்னை மூட்டை, 625 என்றால் மதுரை மூட்டை. ஒரே பெயரில் பல ஊர் இருக்கும் தொல்லைக்காகவும்தான் 1972-இல் பின்கோடே வந்தது.

உடனே பதிவு எண்ணை வைத்துக்கொண்டு நீங்களே கூப்பிடுங்கள். முகவரியை மாற்ற, பெரும்பாலும் அனுப்பியவர்தான் கேட்க வேண்டும். அம்மாவை அலைய விடாதீர்கள். தாமதித்தால் பார்சல் கோவைக்கே திரும்பிவிடும்.

கே.கே. நகர்வாசி:
நான் திருச்சி கே.கே. நகர். சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, ஆக எங்களுக்கு இது பழகிய கதை. மாவட்டப் பெயர் இல்லாமல் முகவரி எழுதுவதே இல்லை. அப்புறம், பின்கோடை வைத்து மாநிலத்தை முடிவு செய்துவிடாதீர்கள். 605001 புதுச்சேரி, ஆனால் ஆரோவில்லின் 605101 தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். 605-ஐப் பார்த்ததும் படிவத்தில் புதுச்சேரி என்று போட்டுவிட்டு, அதைத் திருத்த என் தங்கை நாலு முறை நடந்தாள்.

கள்ளிக்குடிக்காரன்:
கூப்பிட்டேன். முகவரியை மாற்றக் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், கட்டிவிட்டேன். இன்று காலை பார்சல் வந்து சேர்ந்தது. நன்றி அண்ணே. கண்ணாடியைப் போட்டதும் அம்மா முதலில் படித்தது உறையில் இருந்த பழைய முகவரியைத்தான். “நாம எப்படா மெட்ராசுக்குக் குடிபோனோம்?” என்கிறார்.